லாபம், இரண்டு, மூன்று

எங்கள் பக்கத்தில் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "ஒன்று" என்று எண்ண மாட்டார்கள். "லாபம்" என்பார்கள். லாபம், இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை போகும். என் தாத்தாவின் குரலில் அந்த முதல் சொல் நீண்டு ஒலிக்கும். பக்கத்துக் களத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அந்த "லாபம்" எங்கள் வீட்டுக் குதிருக்கு ஒருநாளும் வந்ததில்லை. பிள்ளையார் கோயில் பூசைக்குப் போய்விடும். அதன்பின் அறுத்தவர்களின் கூலி நெல், ஊர்த்தொழில் செய்கிறவர்களின் பங்கு, விதைக்கோட்டைக்கு எடுத்து வைப்பது என்று பிரிந்துகொண்டே போகும். மிச்சம்தான் வண்டி ஏறும்.

அந்தப் பங்கீட்டில் நியாயம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். யாருக்கு எத்தனை படி என்பதைச் சாதி முடிவு செய்த காலம் அது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதன் முடிவில் 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்த மண்ணும் இதுதான். இருந்தாலும், ஒரு குவியல் நெல்லைப் பார்த்தால் அதற்குள் யார் யாருடைய சோறு கிடக்கிறது என்று யோசிக்கும் பழக்கத்தை எனக்கு அந்தக் களம்தான் கொடுத்தது.

2025 ஐப்பசியில் நான் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவின் நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் கிடந்தது. ஆறு மாவில் குறுவை, கோ 51 ரகம். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்துவிட்டதால் அந்த ஆண்டு டெல்டாவில் குறுவை நன்றாக விளைந்திருந்தது. விளைந்த நெல் அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து குவிய, மழையும் வந்தது. 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் எடை போட மாட்டார்கள். அப்பாவின் நெல்லில் 21 காட்டியது. வெயில் வந்தால் தார்ச்சாலையில் பரப்புவதும் மேகம் கறுத்தால் கூட்டிப் படுதா போடுவதுமாகப் பதினோரு நாள். ஏழாம் நாள் படுதாவைத் தூக்கினால் குவியலின் அடியில் வெள்ளை வெள்ளையாக முளை. அப்பா அதைக் கையில் அள்ளிப் பார்த்தார். எதுவும் பேசவில்லை. வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு கேட்டது, ஆய்வுக் குழு வந்து போனது என்று டீக்கடையில் செய்தித்தாள் படித்துக் காட்டினார்கள்.

அந்தப் பதினோரு நாளில் ஓர் இரவு, படுதாவுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கைப்பேசி வெளிச்சத்தில் நான் படித்துக்கொண்டிருந்தது உலக வர்த்தக அமைப்பின் வேளாண்மை ஒப்பந்தத்தை. தணிக்கை அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. எந்த ஆவணத்தைக் கொடுத்தாலும் கண் முதலில் அடிக்குறிப்புக்குத்தான் போகும். அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் ஐந்தாம் அடிக்குறிப்பு என்று ஒன்று இருக்கிறது. அப்பாவின் குவியலுக்கும் அந்த அமைப்பு இருக்கும் ஜெனீவாவுக்கும் உள்ள உறவு முழுவதும் அந்தச் சில வரிகளில் அடங்கிவிடுகிறது.

அரசு, உணவுப் பாதுகாப்புக்காகத் தானியம் வாங்கிச் சேமிக்கலாம் என்கிறது ஒப்பந்தம். ஆனால் அரசு விவசாயிக்குக் கொடுக்கும் விலைக்கும் ஒரு "வெளிச்சந்தை மேற்கோள் விலை"க்கும் உள்ள வித்தியாசம் மானியமாகக் கணக்கில் ஏறும் என்கிறது அடிக்குறிப்பு. அந்த மேற்கோள் விலை இன்றைய உலகச் சந்தை விலையாக இருந்தால் ஒரு நியாயம் உண்டு. அது 1986 முதல் 1988 வரையிலான மூன்றாண்டுச் சராசரி. இந்தியாவின் அரிசிக்கு அது டன்னுக்கு 3,520 ரூபாய். கிலோ 3 ரூபாய் 52 காசு.

இப்போது அப்பாவின் கணக்கைப் பாருங்கள். 2025-26 பருவத்தில் சன்ன ரக நெல்லுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய். தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகையாக 156 சேர்த்து 2,545 கொடுத்தது. நூறு கிலோ நெல்லை அரைத்தால் 67 கிலோ அரிசி என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு. ஆதரவு விலையை மட்டும் எடுத்தால்கூட அரிசி கிலோ 35 ரூபாய் 66 காசு ஆகிறது. அதிலிருந்து 3 ரூபாய் 52 காசைக் கழித்தால் கிடைக்கும் 32 ரூபாய் சொச்சமும் அப்பாவுக்கு அரசு அள்ளிக் கொடுத்த மானியம் என்று அந்தக் கணக்கு சொல்லும். எருவும் டீசலும் அறுவடை இயந்திர வாடகையும் மட்டும் இந்த ஆண்டு விலையில்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நிறுவனம் 1988ஆம் ஆண்டு விலையில் சரக்கிருப்பைக் காட்டி 2025 கணக்கைக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போட மாட்டோம்.

இந்தியா இந்தக் கணக்கை டாலரில் போடுகிறது. 3,520 ரூபாய் அன்றைய மாற்று விகிதத்தில் 262.51 டாலர். 2025-26 ஆதரவு விலை, அரிசிக் கணக்கில், டன்னுக்குச் சுமார் 405 டாலர். அப்படிப் பார்த்தால் இடைவெளி சுருங்கிவிடுகிறது. அந்த இடைவெளியை எத்தனை டன்னால் பெருக்குவது என்பதில் அடுத்த வழக்கு. உண்மையில் கொள்முதல் செய்த அளவால் என்கிறது இந்தியா. நாட்டில் விளைந்த மொத்தத்தாலும் என்கிறது அமெரிக்கா. 2018 மே மாதம் அமெரிக்கா போட்டு நீட்டிய கணக்கில் இந்தியாவின் அரிசி மானியம் விளைச்சல் மதிப்பில் 70 சதவீதத்துக்கும் மேல். வளரும் நாடுகளுக்கு அனுமதி 10 சதவீதம். 2018-19க்கு இந்தியா தானே கொடுத்த கணக்கில் 4,367 கோடி டாலர் மதிப்புள்ள அரிசி விளைச்சலுக்கு 500 கோடி டாலர் ஆதரவு, அதாவது 11.46 சதவீதம். எல்லை தாண்டிவிட்டோம் என்று ஒரு நாடு முதன்முறையாக ஒப்புக்கொண்டு, 2013 டிசம்பரில் பாலி மாநாட்டில் வாங்கி வைத்திருந்த சமாதான ஷரத்தைக் கையில் எடுத்தது அப்போதுதான். அந்த ஷரத்து இருக்கும்வரை இந்தத் திட்டத்துக்கு எதிராக யாரும் வழக்குப் போட முடியாது. 2014 ஜூலையில் இந்தியா, சுங்க நடைமுறைகளை எளிதாக்கும் வர்த்தக வசதி ஒப்பந்தத்தைத் தடுத்து நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் அந்த ஷரத்தை "நிரந்தரத் தீர்வு வரும்வரை" என்று நீட்டி வாங்கியது. அந்தத் தீர்வு 2017இலேயே வந்திருக்க வேண்டும். புவெனஸ் ஐரிஸில் வரவில்லை. 2022இல் ஜெனீவாவிலும் 2024இல் அபுதாபியிலும் வரவில்லை.

ஏன் 1986-88 என்று கேட்டால், அமெரிக்காவும் ஐரோப்பாவும் மானியம் கொடுத்துக் கொடுத்து உலகச் சந்தையில் தானிய விலையை விழ வைத்திருந்த ஆண்டுகள் அவை. அந்தக் கணக்கின் எலும்புக்கூட்டை அவ்விருவரும் 1992 நவம்பரில் வாஷிங்டனில் ஒரு விருந்தினர் மாளிகையில் உட்கார்ந்து முடித்துக்கொண்டார்கள். மற்ற நாடுகள் 1994 ஏப்ரலில் மராகேஷில் கையெழுத்திட்டன. அதிக மானியம் கொடுத்து வந்தவர்களுக்கு அதற்கேற்ற உயரத்தில் உச்சவரம்பு கிடைத்தது. அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 1,910 கோடி டாலர், அதை எந்தப் பயிரிலும் கொட்டலாம். கொடுக்காமல் இருந்த நமக்குப் பயிருக்குப் பத்து சதவீதம் என்ற கோடு மட்டும். அதிகப்படியான பணவீக்கத்துக்கு உரிய கவனம் தர வேண்டும் என்று அதே ஒப்பந்தத்தின் 18ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. முப்பது ஆண்டாகியும் அந்த வரி எங்கள் பக்கம் திரும்பவில்லை.

என்னை அதிகம் உறுத்தியது எண்கள்கூட இல்லை, ஒரு சொல். ஒப்பந்தத்தின் முகப்பிலும் 20ஆம் பிரிவிலும் "வணிகம் சாராத அக்கறைகள்" என்று வருகிறது. உணவுப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல், கிராம வாழ்க்கை எல்லாம் அந்தத் தலைப்புக்குள் போகின்றன. முதலில் வணிகம், அது சாராத மற்றவை பிறகு. பெயர் வைத்தவர்களின் வரிசை அது. எங்கள் களத்து வரிசையில் விற்பதற்கு முன் நான்கைந்து கடமைகள் முடிந்திருக்கும்.

இந்த அக்கறைகளை உரக்கப் பேசியவர்கள் பெரும்பாலும் பணக்கார நாடுகள் என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பான், கொரியா, நார்வே, சுவிட்சர்லாந்து, ஐரோப்பிய ஒன்றியம். வயல் என்பது சோறு மட்டும் தருவதில்லை, வெள்ளத்தைத் தாங்குகிறது, கிராமத்தைக் கட்டிக் காக்கிறது, திருவிழாக்களுக்குக் காரணமாக இருக்கிறது என்றார்கள். ஜப்பானில் பேரரசர் இன்றும் அரண்மனை வளாகத்து வயலில் தன் கையால் நாற்று நடுகிறார். அந்த நாடு 1993 வரை வெளிநாட்டு அரிசியை ஏறக்குறைய உள்ளே விடாமல் வைத்திருந்தது. அந்தக் கோடையின் குளிரில் விளைச்சல் பொய்த்தபோதுதான் தாய்லாந்து அரிசியை வாங்கியது. 1995இலிருந்து குறிப்பிட்ட அளவு இறக்குமதிக்கு ஒப்புக்கொண்டது. இந்தியா இந்த அணியோடு முழுமனதாகச் சேரவில்லை. பண்பாட்டின் பெயரால் பணக்கார நாடுகள் தங்கள் மானியத்தைக் காப்பாற்றிக்கொள்ளும், பசியும் பிழைப்பும் வேறு கணக்கு என்று நம் பிரதிநிதிகள் வாதிட்டார்கள். அந்த வாதம் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கொரிய விவசாயி லீ கியுங் ஹேயை நினைக்கும்போது அந்தக் கோடு எனக்குக் கலங்கிவிடுகிறது. மலைப்பாங்கான ஜாங்சு பகுதியில் மாட்டுப்பண்ணை நடத்தி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். இறக்குமதி இறைச்சியால் விலை விழுந்து, கடனில் நிலத்தை இழந்தவர். 2003 செப்டம்பர் 10 அன்று, கொரியாவில் அறுவடைத் திருநாளான சூசோக் பிறக்கும் நேரத்தில், மெக்சிகோவின் கான்கூனில் நடந்த உலக வர்த்தக அமைப்பு மாநாட்டின் தடுப்பு வேலியின் மேல் நின்று தன் உயிரை விட்டார். "வணிகம் சாராத அக்கறை" என்ற தலைப்பின் கீழ் அவரை எந்த வரியில் எழுதுவது?

எதிர்ப்பே இல்லாமல் கதவு திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹைத்தி இருக்கிறது. ஆர்ட்டிபோனைட் ஆற்றுப் பள்ளத்தாக்கு அந்த நாட்டின் தஞ்சாவூர். 1980களின் தொடக்கத்தில் ஹைத்தி தன் அரிசித் தேவையின் பெரும்பகுதியைத் தானே விளைத்துக்கொண்டது. கடனுக்குக் கை நீட்டிய இடத்தில் சந்தையைத் திறக்கச் சொன்னார்கள். 1995இல் அரிசி மீதான வரி 35 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக இறங்கியது. அமெரிக்காவில் அரசின் ஆதரவோடு விளைந்த அரிசி மலிவாக வந்து இறங்கியது. மக்கள் அதற்கு "மயாமி அரிசி" என்று பெயர் வைத்தார்கள். நகரத்து ஏழைக்குச் சில ஆண்டுகள் சோறு மலிந்தது உண்மை. பள்ளத்தாக்கின் விவசாயிகள் வயலை விட்டுத் தலைநகரின் குடிசைகளுக்குப் போனார்கள். 2008இல் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியபோது, வாங்கித் தின்னப் பழகிய நாட்டில் சோற்றுக்காகத் தெருவில் கலவரம் நடந்தது. 2010 ஜனவரியில் நிலநடுக்கம். அதே ஆண்டு மார்ச்சில் முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் செனட் குழுவின் முன் உட்கார்ந்து, அந்தக் கொள்கை தன் மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகள் சிலருக்கு நன்மை செய்திருக்கலாம், ஆனால் அது தவறு, தன் மக்களுக்குச் சோறு விளைக்கும் திறனை ஹைத்தி இழந்ததோடு தான் தினமும் வாழ வேண்டியிருக்கிறது என்ற பொருளில் சொன்னார். தவறு என்று சொல்ல அவரால் முடிந்தது. விட்டுப்போன வாய்க்காலையும் விதையையும் அந்தச் சொல் திரும்பக் கொண்டுவரவில்லை.

எங்கள் வீட்டுக்கு நாற்று நட வரும் அக்காக்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அவர்கள் நட்டு, அப்பா அறுத்து, கொள்முதல் நிலையம் வாங்கி, ஆலையில் புழுங்கல் அரிசியாகி, ரேஷன் கடை வழியாக அவர்கள் அடுப்புக்கே திரும்பி வருகிறது. 1997இல் நாடு முழுவதும் ஏழைகளை வடிகட்டிப் பொது விநியோகம் என்று மாறியபோது தமிழ்நாடு அந்த வடிகட்டியை ஏற்கவில்லை. எல்லோருக்கும் அட்டை என்றது. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஜெனீவா இந்த வட்டத்தைப் பார்க்கும்போது அதற்குத் தெரிவது 32 ரூபாய் வித்தியாசம்தான்.

இவ்வளவு சொன்னபின் எதிர்த்தட்டில் இருப்பதையும் வைக்காவிட்டால் நான் பொய்க்கணக்கு எழுதுகிறவன் ஆவேன். உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவிலிருந்து போகிறது. 2024இல் அபுதாபியில் தாய்லாந்தின் தூதர், இந்தியா மக்களுக்கென்று வாங்கும் அரிசி ஏற்றுமதிச் சந்தையைப் பிடிக்கவே பயன்படுகிறது என்ற பொருள்படப் பேசினார். இந்தியா கடுமையாக எதிர்த்தது. தாய்லாந்து தன் பிரதிநிதியை மாற்றியது. ஆனால் தாய்லாந்து விவசாயியின் பக்கம் நின்று பார்த்தால் அந்தக் கவலை வீண் கவலை இல்லை. பிறகு 2022இல் நொய்யரிசிக்கும் 2023 ஜூலை 20இல் பாஸ்மதி அல்லாத பச்சரிசிக்கும் இந்தியா ஏற்றுமதித் தடை போட்டது. அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் நம்மவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிய படங்களைப் பார்த்தோம். நம் நொய்யரிசியைச் சமைத்து உண்ணும் செனகலிலும் பெனினிலும் என்ன நடந்தது என்று நாம் கேட்கவில்லை. எங்கள் சோறு எங்கள் உரிமை என்று ஓர் அரங்கில் பேசிவிட்டு, அடுத்தவர் சோற்றை ஒரே இரவில் நிறுத்துவது எப்படிச் சரியாகும்?

இன்னொன்று, அரசு கொடுக்கும் ஆதரவு எதை வளர்க்கிறது என்பது. பஞ்சாபில் நெல்லுக்கு உறுதியான கொள்முதல் இருப்பதால் நெல், நெல்லுக்கு இலவச மின்சாரம், அதனால் நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு இறங்குகிறது. தண்ணீர் கட்டிய வயலிலிருந்து மீத்தேன் எழுகிறது, எங்கள் வயலிலும்தான். கொள்முதல் நிலையத்துக்குத் தெரிந்தவை சன்ன ரகம், பொது ரகம் என்ற இரண்டே பெயர்கள். கடலோரத்தில் உப்பேறிய நிலத்திலும் விளையும் குழியடிச்சானை ஒருவர் கொண்டுவந்தால் அதற்கென்று ஒரு பைசா கூடுதல் இல்லை. பண்பாடு என்றும் சுற்றுச்சூழல் என்றும் ஜெனீவாவில் பேசுகிறோமே, நம் சொந்தத் தராசில் அவற்றுக்கு ஏன் ஒரு படிக்கல் இல்லை?

பதினோரு நாளில் எட்டாம் நாள் என்று நினைக்கிறேன். திருப்பூரிலிருந்து சித்தப்பா மகன் பேசினான். பனியன் கம்பெனியில் பன்னிரண்டு ஆண்டாகத் தையல் வேலை. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டிருந்தது. பாதி ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்கு என்றார்கள். மீதிப் பாதியின் பேச்சுவார்த்தையில் சோளம், சோயா, பால் ஆகியவற்றுக்குச் சந்தையைத் திறக்கச் சொல்லும் கோரிக்கை கிடந்தது. ஆகஸ்ட் 7இல் எம்.எஸ். சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில் பிரதமர், விவசாயிகள், மீனவர்கள், பால் உற்பத்தியாளர்களின் நலனை விட்டுக்கொடுக்க மாட்டோம், அதற்காகப் பெரிய விலை கொடுக்க நேர்ந்தாலும் தயார் என்றார். சுவாமிநாதன் கும்பகோணத்துக்காரர் என்பதால் எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சு நன்றாக எடுபட்டது.

"ஓவர்டைம் நின்றுவிட்டது அண்ணா. வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. பெரியப்பாவின் நெல்லை எடை போட்டார்களா?" என்று கேட்டான்.

அந்தப் பெரிய விலை யார் கொடுப்பது என்பது எனக்கு அப்போதுதான் முகம் கொண்டது. இவன் ஏன் திருப்பூர் போனான்? தண்ணீர் வராத ஆண்டுகளில் வயல் சோறு போடாததால் போனான். டெல்டாவிலிருந்து அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். பேச்சுவார்த்தை மேசையில் விவசாயமும் ஆயத்த ஆடையும் இரண்டு தனித்தனி அத்தியாயங்கள். எங்களுக்கு அவை ஒரே பாட்டியின் இரண்டு பேரப்பிள்ளைகள். அவனுடைய வேலைக்காக அப்பாவின் வயலைத் திறந்துவிடச் சொல்ல என்னால் முடியாது. அதை அவனும் கேட்கவில்லை. ஆனால் அப்பாவைக் காப்பாற்றியதாகச் சொல்கிறவர்கள், அதற்காக வேலை இழந்தவனுக்கு மாதக்கூலியில் பாதியையாவது எங்கிருந்து கொடுப்பது என்று கையெழுத்துக்கு முன்பே எழுதி வைக்கக் கடமைப்பட்டவர்கள். ஒப்பந்தம் போட்டாலும் போடாவிட்டாலும் சுமை ஒருவர் தலையில் இறங்குகிறது. அந்தத் தலையைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

ஏற்றுமதி என்றாலே நன்மை என்று நம்பியவர்களும் எங்கள் கரையில் இருந்தார்கள். என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர் கடலோரத்தில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்து நெல் வயல்கள் ஒவ்வொன்றாக இறால் குட்டைகளாக மாறின. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இறால் போனது. கடல் நீர் வயலுக்குள் வந்தது. அத்தை வீட்டுக் கிணறு உப்பாகி, ஒன்றரை மைல் தள்ளிப் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்ததை நான் சிறுவனாக இருந்தபோது கூடவே நடந்து பார்த்திருக்கிறேன். குட்டை வைத்தவர்கள் ஊர்க்காரர்கள் இல்லை. குட்டைக்கு ஆறு பேர் வேலை. முன்பு அதே நிலத்தில் நடவுக்கு நாற்பது பேர் இறங்குவார்கள். காந்தியர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் கிராமம் கிராமமாக நடந்தார்கள். 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பு வந்தது. கடலிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் பண்ணைகளை இடித்து அகற்ற வேண்டும், விளைநிலத்தையும் உப்பளத்தையும் குட்டையாக்கக் கூடாது, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். ஏற்றுமதி வருமானத்தையும் கெட்டுப்போன நிலம், நீர், பிழைப்பு ஆகியவற்றையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்த்த ஆவணம் அது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச்சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கியது. அத்தையின் கிணறு இன்றும் உப்புத்தான்.

இறாலோடு சேர்ந்த இன்னொரு வழக்கும் உண்டு. இறால் வலையில் கடலாமைகள் மாட்டிச் சாகின்றன. ஆமை தப்பிக்கும் கருவி பொருத்தாத நாட்டின் இறாலை வாங்க மாட்டோம் என்றது அமெரிக்கா. இந்தியாவும் மலேசியாவும் பாகிஸ்தானும் தாய்லாந்தும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998 அக்டோபரில் வந்த மேல்முறையீட்டு முடிவைச் சிலர் ஆமைக்கு எதிரான தீர்ப்பு என்கிறார்கள். படித்துப் பார்த்தால் அப்படி இல்லை. ஆமையைக் காக்க வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துவது முறையான நோக்கமே என்று ஒப்புக்கொள்கிறது. கரீபியப் பகுதி நாடுகளோடு உட்கார்ந்து பேசி அவகாசம் கொடுத்த அமெரிக்கா, நம்மோடு அப்படிப் பேசாமல் தடையை மட்டும் போட்டதைத்தான் பாரபட்சம் என்றது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது எனக்கு அந்த முடிவுதான் நினைவுக்கு வந்தது. வாஷிங்டன் நம்மோடு பேசியிருக்க வேண்டியது போலவே, விசைப்படகுக்காரரோடும் நாட்டுப்படகுக்காரரோடும் நாமும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

உலக ஒப்பந்தத்துக்குள் இருந்துகொண்டே நம் வழக்கத்தைக் காப்பது முடியாத காரியம் என்பவர்களுக்கு நான் காட்டுவது 2001இன் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தை. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் பயிர் ரகங்களுக்கு ஏதாவது ஒருவகைப் பாதுகாப்புக் கொடு என்றது; எந்த வகை என்பதை நாட்டுக்கே விட்டிருந்தது. ஐரோப்பிய நாடுகள் தங்கள் மாதிரியைப் பின்பற்றச் சொன்னபோது நாம் மறுத்து, நமக்கான சட்டத்தை எழுதினோம். விவசாயி தன் வயலில் விளைந்த விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். வணிகப் பெயர் போட்டுப் பொட்டலம் கட்டி விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு சொல்லில் இருந்த இடைவெளி வழியாகக் கோடிக்கணக்கான விதைக்கோட்டைகள் தப்பின. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களை மீட்டு, இரண்டு கிலோ வாங்கிப் போனவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாட்டில் ஊர் ஊராகப் பரப்பினார். அது சட்டவிரோதம் ஆகாமல் இருந்ததற்கு 39ஆம் பிரிவு காரணம். இப்போது இருதரப்பு ஒப்பந்தங்கள் பேசப்படும்போதெல்லாம் அந்தப் பழைய ஐரோப்பிய மாதிரியின் கோரிக்கை மறுபடி வந்து நிற்கிறது.

நம் அரசியல் சட்டத்தில் வேளாண்மை மாநிலப் பட்டியலில் 14ஆம் இனம். வெளிநாட்டோடு ஒப்பந்தம் போடுவது மத்திய அரசு; அதை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரம் 253ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு. வயல் ஒருவரிடம், கையெழுத்து வேறொருவரிடம். பேச்சுவார்த்தை வரைவுகள் கையெழுத்தாகும்வரை வெளியே வருவதில்லை. திருவாரூரிலோ நாகப்பட்டினத்திலோ திருப்பூரிலோ ஒரு வரைவைத் தமிழில் போட்டு, இதில் உங்களுக்கு என்ன இழப்பு என்று கேட்ட கூட்டம் ஒன்று நடந்ததாக எனக்குத் தெரிந்த விவசாயி, தொழிலாளி எவருக்கும் நினைவில்லை. உலகத்தோடு வணிகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிளகும் முத்தும் விற்றுப் பெயர் வாங்கிய கரைக்காரன் அப்படிச் சொல்ல மாட்டான். அந்தக் கூட்டம் நடக்க வேண்டும் என்கிறேன். இன்ன பயிர், இன்ன கிணறு, இத்தனை கூலி நாள் என்று அங்கே மக்கள் சொல்வதை எண்களாக எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு நம் பிரதிநிதி விமானம் ஏற வேண்டும். 3 ரூபாய் 52 காசை மாற்றச் சொல்லும் வழக்கில்கூட, அந்தக் காகிதம் அமைச்சரின் மேடைப் பேச்சைவிடப் பலமாக நிற்கும்.

பன்னிரண்டாம் நாள் காலையில் வெயில் சுள்ளென்று வந்தது. மதியம் ஈரப்பதம் 17 காட்டியது. முளைவிட்ட நெல்லைத் தனியே ஒதுக்கியது போக 94 சிப்பம், நாற்பது நாற்பது கிலோவாக. 95,692 ரூபாய் என்று ரசீதில் இருந்தது. அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒதுக்கிய நெல்லைக் கோழிக்கும் மாட்டுக்கும் ஆகும் என்று சாக்கில் கட்டச் சொன்னார். இரவு திருப்பூருக்குப் பேசினோம். எடை போட்டதைக் கேட்டுத் தம்பிக்குச் சந்தோஷம். கம்பெனியில் தீபாவளிக்குப் பிறகு எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியவில்லை, தாளடி நடவுக்கு ஆள் வேண்டியிருக்குமா பெரியப்பா என்று கேட்டான்.

வரச் சொன்னார் அப்பா.